இடாத கையெழுத்தும் இட்ட கையெழுத்தும்

திருக்குறளின் 69ஆம் அதிகாரமான 'தூது'க்கு உரை வகுக்கப் புகும் பரிமேலழகர், தூதரை இரு வகையினராகப் பிரிப்பார். அரசன் சொல்லியனுப்பியதைச் சென்று அவ்வாறே கூறுபவர் ஒரு வகையினர். சென்ற இடத்தின் நிலையறிந்து, சொல்ல வேண்டியதைத் தாமே வகுத்துக் கூறுபவர் மற்றொரு வகையினர். இந்தப் பாகுபாட்டை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். ஆனால் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலை ஒன்று உண்டென்பது, வெலிங்டன் கூ என்ற சீனத் தூதரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உறைத்தது. அனுப்பிய அரசன் யார் என்பதே தெளிவில்லாத நிலை அது. தூதன் அவையில் நிற்கிறான், பேசுகிறான், அவனுக்குப் பின்னால் ஒரு நாடு இருக்கிறது, அந்நாட்டிற்கு அரசு என்று ஒன்று உண்டா என்பதுதான் ஐயம்.

1919 ஜூன் 28 அன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் முதல் உலகப்போரை முடித்துவைக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. சீனாவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வென்ற அணியைச் சேர்ந்த ஒரு நாடு, தன் வெற்றியைப் பதிவுசெய்யும் ஏட்டில் கையெழுத்திட வரவில்லை. அதே மண்டபத்தில் இந்தியாவின் பெயரால் இருவர் கையெழுத்திட்டார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஒருவர் இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு. மற்றவர் பிகானீர் மன்னர் கங்கா சிங். அடிமைப்பட்டிருந்த நாடு கையெழுத்திட்டது. சுதந்திர நாடு என்று பெயர் பெற்றிருந்த நாடு மறுத்தது. அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்த ஐவருள் இளையவர், அப்போது 31 வயதே ஆகியிருந்த கூ.

* * *

சீன முறைப்படி குடும்பப்பெயரை முன்வைத்துச் சொன்னால் அவர் பெயர் கு வெய்ஜுன். ஷாங்காய்ப் பக்கத்து உச்சரிப்பில் அந்த 'கு' நீண்டு 'கூ' ஆகிவிடும். உலகம் அறிந்தது இதைத்தான். 1888 ஜனவரி 29இல் ஷாங்காயை அடுத்த ஜியாடிங்கைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தார். வணிகக் குடும்பம்; வசதிக்குக் குறைவில்லை. ஷாங்காயின் பெரும்பகுதியோ அந்நியர் ஆட்சியில் இருந்தது. சர்வதேசக் குடியிருப்பு என்று அழைக்கப்பட்ட அப்பகுதியில் சீனச் சட்டம் செல்லாது. வெள்ளையர் குற்றம் செய்தால் அவரவர் நாட்டு நீதிமன்றமே விசாரிக்கும்.

அவருடைய நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. சிறுவன் கூ சைக்கிளில் போகிறான். முன்னால் ஓர் ஆங்கிலேயச் சிறுவன், அவனும் சைக்கிளில். சாலை நெரிசலைத் தவிர்க்க ஆங்கிலேயச் சிறுவன் நடைபாதையில் ஏறுகிறான், கூவும் பின்தொடர்கிறான். காவலர் முன்னவனைப் போகவிட்டு, பின்னவனை நிறுத்தி, அபராதம் கட்டவைக்கிறார். அந்தக் காவலர் ஓர் இந்தியர். பிரிட்டிஷார் ஷாங்காய்க்குக் கொண்டுபோய் நிறுத்திய சீக்கியக் காவலர்களுள் ஒருவராக இருக்க வேண்டும். ஒரே எசமானனின் கீழ் இரண்டு ஆசியர்கள் இப்படிச் சந்தித்துக்கொண்டதை நாம் கடந்துபோய்விட முடியாது. அந்தச் சிறுவன் பிற்காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு 'சீனாவில் அந்நியரின் சட்ட நிலை'. நடைபாதையில் எழுந்த கேள்வி ஆய்வேடாக வளர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது என்றே நினைக்கிறேன்.

1904இல் பின்னலைக் கத்தரித்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். மஞ்சு ஆட்சியில் ஆண்கள் பின்னல் வைத்திருப்பது பேரரசின்மீதுள்ள பணிவின் அடையாளம். அதை வெட்டுவது சிறிய செயலன்று. கொலம்பியாவில் சர்வதேசச் சட்ட அறிஞர் ஜான் பாசெட் மூரிடம் பயின்றார். மாணவர் நாளேடான 'ஸ்பெக்டேட்டர்'க்கு ஆசிரியராக இருந்தார். சொற்போர் அணியில் இடம்பெற்றுப் பரிசுகள் பெற்றார். ஆங்கிலத்தில் மேடையேறி, குறிப்புத்தாளின்றி, எதிரியின் வாதத்தை அவனுடைய சொற்களைக் கொண்டே அவிழ்க்கும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. 1912இல் மஞ்சு அரசு வீழ்ந்து குடியரசு பிறந்தபோது, ஆய்வேட்டின் முற்பகுதியை மட்டும் அளித்துப் பட்டம் பெற்றுக்கொண்டு, புதிய அதிபர் யுவான் ஷிகாயின் செயலாளராக பெய்ஜிங் திரும்பினார். அவரைப் பரிந்துரைத்தவர் அப்போதைய பிரதமர் தாங் ஷாவோயி. பிறகு தாங்கின் மகளையே கூ மணந்துகொண்டார்.

யுவான் ஷிகாய் நல்ல எசமானர் அல்லர். குடியரசின் அதிபராக இருந்துகொண்டே தன்னைப் பேரரசராக முடிசூட்டிக்கொள்ள முயன்றவர். அவரிடம் பணியாற்றியதைக் கொண்டு கூவைக் குறைசொல்பவர்கள் சீனாவில் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் 1915 ஜனவரியில் ஜப்பான் இரகசியமாக நீட்டிய 21 கோரிக்கைகளின்போது நடந்ததைப் பார்க்க வேண்டும். வெளியே சொல்லக்கூடாது என்பது ஜப்பானின் நிபந்தனை. கூவோ பெய்ஜிங்கிலிருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் தூதரகங்களுக்குச் செய்தியைக் கசியவிட்டார். பலவீனமான நாட்டிற்கு இரகசியம் எதிரியின் ஆயுதம் என்பதை 27 வயதில் அவர் புரிந்துகொண்டிருந்தார். மே மாதம் ஜப்பான் இறுதி எச்சரிக்கை விடுத்து யுவான் பணிந்தபோது, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடியே சீனாவின் தரப்பை விளக்கும் அறிக்கையைத் தயாரித்தவரும் அவரே. வற்புறுத்தலின் பேரில்தான் சீனா இதற்கு ஒப்புக்கொண்டது என்பது அன்றே எழுத்தில் பதிவானது. நான்கு ஆண்டுகள் கழித்து பாரிஸில் அது பயன்பட்டது. அதே ஆண்டு அவர் வாஷிங்டனில் சீனாவின் தூதரானார்.

* * *

பாரிஸ் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஷான்டுங் மாகாணத்தின் கடற்கரையில் ஜியாவோஜோ விரிகுடாவை 1898இல் ஜெர்மனி 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார் கொலையுண்டது சாக்கு. 1914 நவம்பரில் ஜப்பான் அப்பகுதியை ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றியது. 1917 ஆகஸ்டில் சீனா ஜெர்மனிமீது போர் அறிவித்தது. படை அனுப்பவில்லை, ஆனால் சுமார் 1,40,000 சீனத் தொழிலாளர்கள் பிரிட்டனுக்காகவும் பிரான்சுக்காகவும் பதுங்குகுழி வெட்டவும் சரக்கு இறக்கவும் ஐரோப்பா சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஷான்டுங் மாகாணத்தவர். போர் முடிந்தால் ஷான்டுங் திரும்பும் என்று சீனா நம்பியது. இதற்கிடையில் பிரிட்டன், பிரான்சு, இத்தாலி ஆகியவை 1917லேயே ஜப்பானிடம் இரகசிய வாக்குறுதி தந்திருந்தன. அதைவிடக் கசப்பான செய்தி, 1918 செப்டம்பரில் பெய்ஜிங் அரசே ஜப்பானிடம் கடன் வாங்கும் அவசரத்தில், ஷான்டுங் ஏற்பாடுகளுக்கு 'மகிழ்ச்சியுடன்' சம்மதிப்பதாகத் தூதுமடல் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஒரு சொல் பாரிஸில் சீனாவின் காலைத் தடுக்கிவிட்டது. உரைகாரர்கள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பக்கக்கணக்கில் வாதாடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது.

பாரிஸ் சென்ற குழுவே ஒரு சிறிய சீனாவாக இருந்தது, அதாவது பிளவுபட்டிருந்தது. தலைவர் வெளியுறவு அமைச்சர் லு ஜெங்ஷியாங், உடல்நலமற்றவர். வாங் ஜெங்டிங் தென்திசைக் காண்டன் அரசைச் சார்ந்தவர், பெய்ஜிங்கை நம்பாதவர். யாருக்கு எந்த இருக்கை என்பதில் பூசல். ஐந்து பேர் வந்திருக்க, நாற்காலி இரண்டே. ஜப்பானுக்கு ஐந்து. கூ, ஜப்பான் சார்பான அமைச்சர் சாவோ ரூலினின் மகளை மணக்கப்போகிறார் என்றொரு வதந்தியும் கிளம்பியது. அவருடைய மனைவி முந்தைய ஆண்டின் விஷக்காய்ச்சலில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

1919 ஜனவரி 27 அன்று பத்துப்பேர் குழுவின்முன் ஜப்பானின் மகினோ தம் கோரிக்கையை வைத்தார். மறுநாள் கூ பதிலளித்தார். சுமார் அரைமணிநேரம், கையில் தாளின்றி. ஷான்டுங் 3.6 கோடி மக்கள் வாழும் மண். சீன நாகரிகத்தின் தொட்டில். கன்பூசியஸும் மென்சியஸும் பிறந்த புனித பூமி என்பது வாதத்தின் ஒரு பகுதி. (பிற்காலத்தில் மக்கள் வாயில் இது, கிறித்துவர்கள் ஜெருசலேமைக் கைவிடுவார்களா என்ற கேள்வியாக வளர்ந்தது.) என் பார்வையில் இதைவிட முக்கியமானது அவருடைய சட்ட வாதம். ஜெர்மனியின் குத்தகையே கத்திமுனையில் பெறப்பட்டது. அந்தக் குத்தகையிலும் வேறு நாட்டுக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது என்ற விதி உண்டு. போர் அறிவித்த கணமே அக்குத்தகை செத்தது. செத்த குத்தகையை யாரும் யாருக்கும் கைமாற்ற முடியாது. 1915ஆம் ஆண்டின் ஒப்பந்தமோ மிரட்டிப் பெறப்பட்டது. ஜெர்மானியரை விரட்டியதற்கு ஜப்பானுக்கு நன்றி. ஆனால் அந்த நன்றியைத் தம் நாட்டு மக்களின் பிறப்புரிமையை விற்றுச் செலுத்த இயலாது. பேசி முடித்தபோது வில்சன், லாயிட் ஜார்ஜ், கிளமென்சோ மூவருமே பாராட்டினார்கள். மறுநாள் அவருக்குப் பிறந்தநாள்.

பாராட்டு வேறு, நிலம் வேறு. ஏப்ரல் இறுதியில் இத்தாலி கோபித்துக்கொண்டு மாநாட்டிலிருந்து வெளியேறியிருந்தது. ஜப்பானும் வெளியேறிவிடுமோ என்ற அச்சம் வில்சனைப் பிடித்துக்கொண்டது. ஏப்ரல் 30 அன்று ஷான்டுங்கில் ஜெர்மனியின் உரிமைகள் ஜப்பானுக்கே என்று மூவர் முடிவு செய்தனர்.

அந்த அச்சத்தை உண்டாக்கியதில் மற்றொரு தோல்விக்கும் பங்குண்டு. அது பலரும் கவனிக்காத ஓர் இழை. சர்வதேசச் சங்கத்தின் சாசனத்தை வரைந்த குழுவில் கூ உறுப்பினர். அங்கே ஜப்பான், இனங்களுக்கிடையே சமத்துவம் என்ற கோட்பாட்டைச் சாசனத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டது. ஏப்ரல் 11 அன்று 17 வாக்குகளில் 11 அதற்கு ஆதரவாக விழுந்தன. அனைவரும் ஒருமனதாக ஏற்கவில்லை என்று சொல்லி வில்சன் அதைத் தள்ளிவிட்டார். ஆதரித்தவர்களில் கூவும் ஒருவர். தம் மாகாணத்தை விழுங்க வந்த நாட்டின் கோரிக்கையை, அது நியாயமானது என்பதால் அவர் ஆதரித்தார். சமத்துவத்தை மறுத்த பிறகு, ஜப்பானை ஏதேனும் ஒன்றைக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அந்த 'ஏதேனும் ஒன்று' ஷான்டுங்காக அமைந்தது.

செய்தி பெய்ஜிங்கை எட்டியதும் மே 4 அன்று சுமார் 3,000 மாணவர்கள் தியானன்மென் வாயிலின்முன் திரண்டார்கள். சாவோ ரூலினின் வீடு எரிந்தது. 1918இல் அந்த 'மகிழ்ச்சி'க் கடிதத்தை எழுதிய தூதர் ஜாங் ஜோங்ஷியாங் அடிபட்டார். லூ சுன்னையும் புதிய சீன இலக்கியத்தையும் பற்றிப் பேசும்போது நாம் தவறாமல் குறிப்பிடும் மே நான்கு இயக்கம், இந்த ஷான்டுங் விவகாரத்தில் பற்றிக்கொண்ட தீயால்தான் பெருங்கிளர்ச்சியாக மாறியது.

பாரிஸில் கூ உடனே மறுத்துவிடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் வெறும் வீரத்திருமகனாகிவிடுவார். கையெழுத்திடுவோம், ஷான்டுங் பற்றிய 156, 157, 158ஆம் பிரிவுகளை மட்டும் ஏற்கவில்லை என்று எழுதிவிடுவோம் என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார்கள். உடன்படிக்கையின் உள்ளே வேண்டாம், பின்னிணைப்பாகவாவது, என்றார். அதுவும் முடியாது. தனியே ஓர் அறிக்கையாவது வெளியிட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறோம் என்று படிப்படியாக இறங்கி வந்தார். எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்டன. பெய்ஜிங்கிலிருந்து வந்த உத்தரவுகளோ ஒன்றுக்கொன்று முரண். முடிவெடுக்கும் பொறுப்பை நைசாகப் பாரிஸில் இருந்தவர்கள்மேல் சுமத்தும் தன்மையன. செயிண்ட் கிளவுடில் லு தங்கியிருந்த மருத்துவமனையைப் பாரிஸின் சீன மாணவர்களும் தொழிலாளர்களும் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜூன் 28 காலையில் யாரும் வெர்சாய்க்குக் கிளம்பவில்லை. பரிமேலழகரின் வகைப்பாட்டில் இது 'தான் வகுத்துக் கூறுவான்' என்பதன் உச்சம்; ஆனால் வகுத்துக்கொண்டது சொல்லை அன்று, வாராமையை.

மறுத்ததால் சீனா தனிமைப்பட்டுவிடவில்லை. 1919 செப்டம்பரில் ஆஸ்திரியாவுடனான உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அந்த வழியாகச் சர்வதேசச் சங்கத்தில் நுழைந்துகொண்டது. ஜெர்மனியோடு 1921 மே மாதம் தனியே சமநிலையில் ஓர் ஒப்பந்தம் செய்தது. 1922 பிப்ரவரி 4 அன்று, வாஷிங்டன் மாநாட்டின் ஓரத்தில் 36 அமர்வுகள் பேசி, ஷான்டுங்கைத் திரும்பப் பெறும் உடன்படிக்கையில் ஜப்பானோடு கையெழுத்திட்டது. அங்கேயும் சீனத் தூதர்களில் ஒருவர் கூ. இரும்புப்பாதைக்கு மட்டும் சுமார் 5.3 கோடி தங்க மார்க் விலை கொடுக்க வேண்டியிருந்தது. தன் பொருளைத் தானே விலைகொடுத்து வாங்குவது அவமானம்தான். ஆனாலும் நிலம் திரும்பியது.

* * *

இதற்குப் பின் வரும் ஆறேழு ஆண்டுகளை விளக்குவது கடினம். பெய்ஜிங்கில் படைத்தலைவர்கள் மாறி மாறி ஆண்டார்கள். அமைச்சரவைகள் மழைக்காளான்போல் முளைத்து மடிந்தன. கூ அவற்றில் வெளியுறவு அமைச்சராக, நிதி அமைச்சராக, 1926 அக்டோபரிலிருந்து சில மாதங்கள் இடைக்காலப் பிரதமராக, அதிபரின் கடமைகளையும் சேர்த்துப் பார்ப்பவராக இருந்தார். படைத்தலைவர்களுக்கு வெளிநாட்டவர்முன் காட்ட ஒரு கண்ணியமான முகம் தேவைப்பட்டது. அந்த முகமாக அவர் இருந்தார் என்பது கடுமையான விமர்சனம். அதை முற்றாக மறுக்க முடியவில்லை. ஆனால் அந்த நிழல் அரசிலிருந்துகொண்டு அவர் செய்த இரண்டு காரியங்கள் நினைவுகூரத் தக்கவை. 1926 நவம்பரில், 1865ஆம் ஆண்டின் சீன-பெல்ஜிய ஒப்பந்தம் செல்லாது என்று ஒருதலையாக அறிவித்தார். பெல்ஜியம் ஹேக் நீதிமன்றம் வரை போனது. சமமற்ற ஒப்பந்தம் ஒன்றைச் சீனா இப்படித் துணிந்து ரத்துசெய்தது அதுவே முதன்முறை. அடுத்த சில மாதங்களில், சீனாவின் சுங்க வருவாயைக் கையில் வைத்திருந்த ஆங்கிலேயர் பிரான்சிஸ் ஆக்லனை, அரசாணைக்குப் பணியவில்லை என்று பதவிநீக்கம் செய்தார். தன் ஆணை பெய்ஜிங் மதிலைத் தாண்டிச் செல்லாத ஓர் அரசு, பேரரசுகளின் ஊழியனை வீட்டுக்கு அனுப்பியது.

இந்த ஆண்டுகளில் அவருடைய மனைவி ஓய் ஹூய்லான், ஜாவாவின் செமாராங் நகரத்துச் சர்க்கரைப் பெருவணிகர் ஓய் தியோங் ஹாமின் மகள். அவருடைய செல்வத்தால் பெய்ஜிங்கில் ஒரு மாளிகை வாய்த்தது. 1925 மார்ச் 12 அன்று சுன் யாட் சென் உயிர்நீத்தது இந்த வீட்டில்தான். தம்மை எதிர்த்த தென்திசை அரசின் தலைவர் சிகிச்சைக்கு வந்திருக்க, கூவின் வீடு அவருக்கு ஒதுக்கப்பட்டது. சுன்னின் வாரிசுகள் 1928இல் பெய்ஜிங்கைப் பிடித்ததும், கூவைக் கைது செய்ய ஆணை பிறப்பித்தார்கள். அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

ஆனால் சியாங் கை ஷேக்கின் அரசு கூ இல்லாமல் வெகுகாலம் சமாளிக்க முடியவில்லை. 1931 செப்டம்பரில் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தது. விசாரிக்க வந்த லிட்டன் குழுவோடு சீனப் பிரதிநிதியாக கூ அனுப்பப்பட்டார். அவர் உள்ளே வரக்கூடாது என்று மஞ்சுகுவோ பொம்மை அரசு தந்தியடித்தது. அவர் போனார், உளவாளிகளின் வளையத்துக்குள்ளேயே நடமாடித் திரும்பினார். 1933 பிப்ரவரி 24 அன்று ஜெனீவாவில் லிட்டன் அறிக்கையின் அடிப்படையிலான தீர்மானம் 42க்கு 1 என்ற வாக்குகளில் நிறைவேற, ஜப்பானின் மட்சுவோகா எழுந்து வெளியேறினார். வாக்குகள் கிடைத்தன, மஞ்சூரியா கிடைக்கவில்லை. கூவின் தொழில்வாழ்வு முழுவதுமே இப்படித்தான் என்று தோன்றுகிறது. அவையில் வெல்வார், தரையில் தோற்பார்.

1942இன் இறுதியில் நடந்த ஒன்று எனக்கு வெர்சாயைவிடச் சுவையானது. அப்போது அவர் லண்டனில் தூதர். சீனாவில் தனக்கிருந்த சிறப்புரிமைகளை எல்லாம் விட்டுத்தரும் உடன்படிக்கைக்கு பிரிட்டன் முன்வந்தது. ஹாங்காங்கை ஒட்டிய புதிய பிரதேசங்களைப் பற்றிப் பேச மட்டும் மறுத்தது. அதுவும் வேண்டும், இல்லையேல் கையெழுத்தில்லை என்று சியாங் பிடிவாதமாக நின்றார். சோங்கிங்குக்கு வந்திருந்த கூ, கையெழுத்திடுமாறு அறிவுரை சொன்னார். பிரிட்டன் பரிசை இரண்டு தவணையாகத் தர நினைக்கிறது. முதல் தவணையை வாங்கிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்போம் என்பது அவர் சொன்ன காரணம். 1943 ஜனவரி 11 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது. ஷாங்காயின் நடைபாதைச் சட்டம் அன்றோடு ஒழிந்தது. இரண்டாம் தவணை வர 1997 ஆயிற்று. அதைப் பெற்றுக்கொண்டது அவருடைய அரசும் அன்று. 1919இல் மறுத்தவர்தான் 1942இல் இணங்கச் சொன்னவர். இதை முரண்பாடு என்று நான் எண்ணவில்லை. முன்னதில் கொடுப்பதற்கு எதிராளியிடம் ஒன்றுமில்லை. பின்னதில் ஒரு நூற்றாண்டுக் கட்டு அவிழக் காத்திருந்தது.

1945 ஜூன் 26. சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையெழுத்திடும் நாள். வெர்சாய்க்குப் பின் 26 ஆண்டுகள் ஆவதற்கு இரண்டு நாள் குறைவு. ஆக்கிரமிப்புக்கு முதலில் இலக்கான நாடு என்பதால் முதலில் கையெழுத்திடும் சிறப்பு சீனாவுக்கு வழங்கப்பட்டது. கூ சீனத் தூரிகையை எடுத்து முதல் கையெழுத்தை இட்டார். அவரோடிருந்த சீனக்குழுவில் கம்யூனிஸ்ட் கட்சியின் டோங் பிவூவும் இருந்தார். அதே சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் நம்மவரான ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் முதன்மையான தலைவர்களுள் ஒருவர். விடுதலைக்கு இரண்டாண்டு முன்பு, பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால் அவர் இட்ட அந்தக் கையெழுத்தைப் பற்றியும் யாரேனும் நிதானமாக எழுத வேண்டும்.

* * *

நான்கே ஆண்டுகளில் அந்த அரசும் சீனப் பெருநிலத்தை இழந்தது. 1948 டிசம்பரில் கம்யூனிஸ்டுகள் வெளியிட்ட 43 போர்க்குற்றவாளிகளின் பட்டியலில் வாஷிங்டன் தூதர் கூவின் பெயரும் இருந்தது. 1956 வரை அவர் அங்கே தைவான் அரசின் தூதராக நீடித்தார். ஒரு தீவின் தூதர், உலகின் மிகப்பெரிய மக்கள்தொகைக்கு நானே பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவர் வாழ்வில் என்னால் மனம் ஒன்றிப் படிக்க முடியாத பகுதி இதுதான். திறமை குறையவில்லை, அந்தத் திறமைக்கு அடியில் தரை இல்லை.

பிறகு ஹேக்கின் சர்வதேச நீதிமன்றத்தில் பத்தாண்டுகள், 1957 முதல் 1967 வரை நீதிபதி. கடைசி மூன்றாண்டுகள் துணைத்தலைவர். தாத்ரா, நகர் ஹவேலிக்குச் செல்லும் பாதை குறித்து இந்தியாமீது போர்ச்சுகல் தொடுத்த வழக்கில் 1960இல் தீர்ப்புச் சொன்ன அமர்வில் அவர் இருந்தார், தனிக்கருத்தும் எழுதினார். 1962இல் பிரே விகார் சிவன் கோயில் கம்போடியாவுக்கா தாய்லாந்துக்கா என்ற வழக்கு. ஒன்பது நீதிபதிகள் கம்போடியாவுக்கு என்றார்கள், மூவர் மறுத்தார்கள். மூவரில் ஒருவர் கூ. நீர்பிரி மேடு எங்கே ஓடுகிறது என்பதை நிபுணர்களை அனுப்பி நேரில் பார்க்காமல், பழைய வரைபடம் ஒன்றை நம்பி முடிவுசெய்வதை அவரால் ஏற்க முடியவில்லை.

1966 ஜூலை 18 அன்றைய தென்மேற்கு ஆப்பிரிக்கா தீர்ப்பில் வெர்சாயின் எதிரொலி கேட்கிறது. முதல் உலகப்போரில் ஜெர்மனியிடமிருந்து பறித்த அந்நிலத்தை, சர்வதேசச் சங்கத்தின் ஒப்படைப்பாகத் தென்னாப்பிரிக்கா ஆண்டுவந்தது. அங்கே நிறவெறியையும் நடைமுறைப்படுத்தியது. எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குத் தொடுத்தன. நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தார்கள். தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் கூடுதல் வாக்கால், வழக்குத் தொடுக்க அந்நாடுகளுக்கு உரிமையில்லை என்று தள்ளுபடியானது. மாறுபட்ட எழுவரில் துணைத்தலைவர் கூ ஒருவர். அந்த ஒப்படைப்பு முறை 1919இல் பாரிஸில், அவர் உறுப்பினராக இருந்த குழு வரைந்த சாசனத்தில் பிறந்தது. ஜெர்மானிய உடைமைகளைப் பங்கிட்ட அந்த மேசையில் ஷான்டுங்கும் தென்மேற்கு ஆப்பிரிக்காவும் அருகருகே கிடந்தன. ஆப்பிரிக்கர்களுக்காக எழுதிய அந்த மாறுபட்ட தீர்ப்பை, 47 ஆண்டு தாமதமாக வந்த ஷான்டுங் வாதமாகவும் வாசிக்கலாம்.

ஓய்வுக்குப்பின் நியூயார்க்கில் குடியேறினார். கொலம்பியா பல்கலைக்கழகம் வாய்மொழி வரலாறாக அவருடைய நினைவுகளைப் பதிவுசெய்யும் பணியை 1960இல் தொடங்கி 1976இல் முடித்தது. சுமார் 11,000 பக்கங்கள். 1972இல் ஐ.நா. கூட்டத்துக்கு பெய்ஜிங்கிலிருந்து வந்த குழுவைச் சேர்ந்த ஜாங் ஹன்ஜி, மாவோவின் விருப்பப்படி அவரைச் சந்தித்தார். நாட்டு நிலவரங்களை ஆர்வமாகக் கேட்டுக்கொண்ட கூ, அரசியல் பேச்சு வந்த இடங்களில் நழுவிக்கொண்டார். எப்போதுமே தூதர்தான். சீனாவுக்கு அவர் திரும்பவில்லை.

1983இல் பெய்ஜிங்கின் ஜோங்ஹுவா பதிப்பகம் அந்த நினைவுக் குறிப்புகளின் சீன மொழிபெயர்ப்பை வெளியிடத் தொடங்கியது. போர்க்குற்றவாளி என்று பட்டியலிட்ட அரசின் கீழ், அவர் உயிரோடிருக்கும்போதே முதல் தொகுதி வந்தது. 1985 நவம்பர் 14 அன்று, 97ஆம் வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார். பதின்மூன்றாம் தொகுதி, அதாவது கடைசித் தொகுதி, 1994இல் வெளிவந்தது.